நான்கு பேர் கொண்ட டிசைன் டீமை வைத்துக்கொண்டு அதிக வேலையை முடிப்பது எப்படி?

கேள்வி இது: "எங்கள் டிசைன் டீமில் என்னையும் சேர்த்து நான்கு பேர். மூன்று ப்ராடக்ட் டீம்களுக்கு நாங்கள்தான் வேலை செய்கிறோம். இந்த வருடம் புதிதாக ஆள் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வேலை மட்டும் கூடிக்கொண்டே போகிறது. டீமை வருத்தாமல் இன்னும் அதிகமாகச் செய்து முடிக்க என்ன வழி?"

இப்படிக் கேட்டால் பலரும் கருவிகளைத்தான் சொல்வார்கள்: இந்த ப்ளகின், அந்த டெம்ப்ளேட், இப்போது ஏஐ. அவை உதவும், மறுக்கவில்லை. ஆனால் நான் பார்த்தவரை சின்ன டிசைன் டீமின் நேரம் வரைவதைவிட வேறு இரண்டு இடங்களில்தான் அதிகம் கரைகிறது. ஆரம்பித்த வேலை யாருடைய பதிலுக்கோ காத்துக் கிடப்பது ஒன்று. முடிந்தது என்று நினைத்த ஸ்க்ரீனை முதலிலிருந்து மாற்றுவது இன்னொன்று. இரண்டுக்கும் வேர் ஒன்றே: முடிவெடுக்க வேண்டியவர் உரிய நேரத்தில் எடுக்கவில்லை. அதனால் என் பதிலும் பெரும்பாலும் முடிவுகளைப் பற்றியதாகவே இருக்கும்.

நான்கு பேர்தான் என்று வருத்தப்படுவதற்கு முன் ஒரு கணக்கைப் பாருங்கள். நான்கு பேருக்குள் ஒருவரோடு ஒருவர் பேச 6 தொடர்புகள் போதும். எட்டுப் பேரானால் அது 28, பத்துப் பேரானால் 45. ஐபிஎம்-இன் ஓஎஸ்/360 என்ற இயங்குதள மென்பொருள் திட்டத்தை நடத்திய ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1975-இல் இந்தக் கணக்கை வைத்துத்தான் ஆள் கூடக் கூட ஒருங்கிணைப்புச் செலவு எப்படி ஏறுகிறது என்று விளக்கினார். உங்களுக்கு அந்தச் செலவு இன்னும் வரவில்லை. நான்கு பேருக்குள் ஒரு விஷயம் பரவ ஒரு பத்து நிமிடப் பேச்சு போதும். வாரம் முழுக்க மீட்டிங் வைத்து இந்த லாபத்தைத் தொலைத்துவிடாதீர்கள்.

1943-இல் லாக்ஹீட் நிறுவனத்தில் கெல்லி ஜான்சன் தலைமையிலான சிறு குழு, எக்ஸ்பி-80 என்ற ஜெட் விமானத்தை 143 நாளில் உருவாக்கியது. கொடுத்திருந்த அவகாசம் 180 நாள். பின்னாளில் அவர் வகுத்த 14 விதிகளில் ஒன்று, திட்டத்தோடு சம்பந்தப்பட்டவர்களின் எண்ணிக்கையைக் கறாராகக் குறைக்கச் சொல்கிறது. "குறைந்த ஆட்களே போதும்" என்று வாதிடுபவர்கள் இந்த விதியை மட்டும் எடுத்துக்கொண்டு முதல் விதியை விட்டுவிடுகிறார்கள். குழுத் தலைவருக்குத் தன் திட்டத்தின் மீது ஏறக்குறைய முழு அதிகாரம் வேண்டும் என்பது அந்த முதல் விதி. ஆள் குறைவாக இருந்தும் அந்தக் குழு வேகமாக ஓடியதற்கு இந்த அதிகாரம் ஒரு முக்கியக் காரணம். உங்களுக்கு ஆள் குறைவு என்பது கிடைத்துவிட்டது, அதிகாரம் அனேகமாகக் கிடைத்திருக்காது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சம்பாதிப்பதுதான் தலைவராக உங்கள் முதல் வேலை.

எங்கே ஆரம்பிப்பது? இன்றைக்கு டீமின் கையில் இருக்கும் எல்லா வேலையையும் ஒரே பலகையில் எழுதுங்கள். பெரிய ப்ராஜெக்டுகள் மட்டும் போதாது. "ஒரு சின்ன ஐகான் மட்டும்", "இந்த ஸ்லைடைக் கொஞ்சம் பார்த்துக் கொடுங்களேன்" என்று சாட்டில் வந்தவையும், பதிலுக்காகக் காத்திருப்பவையும், டெவலப்பர் கட்டி முடித்தபின் பார்க்க வேண்டியவையும் அதில் வர வேண்டும். எழுதி முடித்ததும் பட்டியலின் நீளம் உங்களையே திகைக்க வைக்கலாம்.

அந்த நீளம் ஏன் முக்கியம் என்பதற்கு ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த எளிய விதி ஒன்று இருக்கிறது. ஒரு வேலை உள்ளே வந்து வெளியே போக ஆகும் சராசரி நேரம் என்பது, கையில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை முடிக்கும் வேகத்தால் வகுத்தால் வருவது. வாரத்துக்கு 3 வேலை முடிக்கிறீர்கள், கையில் 12 இருக்கிறது என்றால் ஒவ்வொன்றும் வெளியே போகச் சராசரியாக 4 வாரம் ஆகும். அதே ஆட்கள், அதே வேகம், ஆனால் கையில் 6 மட்டும் என்றால் 2 வாரம். யாரும் கூடுதலாக ஒரு மணி நேரம்கூட உட்காரவில்லை. உண்மையில் லாபம் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். ஒரு டிசைனர் ஒரே நாளில் மூன்று ப்ராடக்டுகளுக்கு மனதை மாற்றி மாற்றி ஓட்டும் அலைச்சல் குறைவதால் முடிக்கும் வேகமும் ஏறும்.

ஆகவே ஒருவருக்கு ஒரு பெரிய வேலை, ஒரு சின்ன வேலை என்று வரம்பு வையுங்கள். பதிலுக்காகக் காத்திருக்கும் வேலையையும் இந்த வரம்புக்குள் சேர்த்தே எண்ணுங்கள், அதில்தான் சூட்சுமம் இருக்கிறது. "அவர் பதில் சொல்லும்வரை இன்னொன்றை ஆரம்பிக்கிறேன்" என்பது சுறுசுறுப்பாகத் தெரியும். ஆனால் இரண்டு வாரம் கழித்துப் பதில் வரும்போது பழைய வேலையின் நினைவே போயிருக்கும், புதியது பாதியில் நிற்கும். காத்திருப்பும் எண்ணிக்கையில் சேரும்போது, அந்தப் பதிலைத் துரத்திப் பிடிக்கும் அவசரம் தானாக வரும். துரத்துவது டிசைனர் வேலையல்ல, உங்கள் வேலை.

இதோடு சேர்ந்தே இன்னொன்று. நான்கு பேரின் நேரத்தையும் நூறு சதவீதம் நிரப்பாதீர்கள். வரிசையில் காத்திருக்கும் நேரத்தைக் கணக்கிடும் வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய மாதிரியில், ஒருவர் தன் நேரத்தில் 80 சதவீதம் நிரம்பியிருந்தால் புதிதாக வரும் வேலை தன் முறைக்காகக் காத்திருக்கும் நேரம், ஒரு வேலையைச் செய்ய ஆகும் சராசரி நேரத்தைப் போல 4 மடங்கு. 90 சதவீதம் என்றால் 9 மடங்கு, 95 சதவீதம் என்றால் 19 மடங்கு. நிஜ வாழ்க்கை இந்த மாதிரியைப் போல அவ்வளவு சுத்தமானதல்ல, ஆனாலும் போக்கு இதுதான். எல்லோரும் எப்போதும் பிசியாக இருக்கும் டீமில் எதுவும் சீக்கிரம் வெளியே வராது. வாரத்தில் ஒரு நாள் அளவுக்காவது எதற்கும் ஒதுக்காமல் விட்டுவையுங்கள். மேலே இருப்பவர்களிடம் இதை நியாயப்படுத்துவது சிரமம்தான். அந்தச் சிரமத்தை ஏற்றுக்கொண்டு பேசுங்கள்.

சரி, வரம்பு வைத்தாயிற்று. கேட்டு வருபவர்களை என்ன செய்வது? மூன்று ப்ராடக்ட் டீம்களும் நேரடியாக டிசைனரைப் பிடித்து வேலை கொடுக்கிற வரை எந்த வரம்பும் நிற்காது. வேலை வரும் வழி ஒன்றாக இருக்க வேண்டும். அதற்கு நீளமான படிவம் எதுவும் வேண்டாம், கேள்விகள் போதும்: யாருக்கு என்ன சிக்கல்? எந்தத் தேதிக்குள், ஏன் அந்தத் தேதி? செய்யாவிட்டால் என்ன ஆகும்? முடிவு சொல்லப்போவது யார்? கடைசிக் கேள்விக்குப் பெயர் இல்லாத வேலையை நான் ஆரம்பிக்கவே விடமாட்டேன். அதுதான் பின்னால் மூன்று தடவை திரும்பி வரும்.

மறுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. "முடியாது" என்று சொன்னால் சண்டை, "பார்க்கிறோம்" என்று சொன்னால் அது வாக்குறுதி. மூன்று டீம்களின் மேனேஜர்களையும் வாரம் ஒருமுறை அரை மணி நேரம் அதே பலகையின் முன் உட்கார வையுங்கள். "இதைச் செய்கிறோம். அப்படியானால் அது அடுத்த மாதம் போகும். எது முதலில் வேண்டும்?" என்று கேளுங்கள். முன்னுரிமையை அவர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். நான்கு டிசைனர்கள் மூன்று மேனேஜர்களின் போட்டியைத் தங்கள் இரவுத் தூக்கத்தால் தீர்த்துவைப்பது நடக்கக் கூடாது. முதல் இரண்டு கூட்டம் கசப்பாக இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

எல்லா வேலைக்கும் ஒரே ஆழம் தேவையில்லை என்பதையும் அங்கேயே பேசிவிடுங்கள். இருக்கிற காம்பொனென்ட்டுகளை (பட்டன், பெட்டி போன்ற தயார் பாகங்களை) வைத்து டெவலப்பரே கட்டிவிடக்கூடிய செட்டிங்ஸ் பக்கத்துக்கு ஃபிக்மாவில் (ஸ்க்ரீன் வரையும் மென்பொருள்) ஒரு ஃபைலே வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து கால் மணி நேரம் பேசினால் போதும். ஒரு நாள் வேலை, ஒரு வார வேலை, யூசர்களிடம் போய்ப் பேசி ஆராய வேண்டிய வேலை என்று ஆரம்பத்திலேயே பிரித்துவிட்டால், நல்ல டிசைனர்களிடம் இயல்பாக இருக்கும் மெருகேற்றும் ஆசையும் சரியான இடத்துக்குப் போகும். பேஸ்கேம்ப் நிறுவனம் 2019-இல் வெளியிட்ட தன் வேலை முறையில் இதைத் தலைகீழாகக் கேட்கிறது. இதற்கு எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்பதில்லை, இந்தச் சிக்கலுக்கு எவ்வளவு நாள் செலவழிக்கலாம் என்று முதலில் முடிவு செய்கிறார்கள். காலம் அசையாது, வேலையின் அளவைத்தான் வெட்ட வேண்டும். அவர்களுடைய ஆறு வாரச் சுற்று உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம், ஆனால் கேள்வியை அப்படித் திருப்பிப் போடுவது எந்த டீமுக்கும் பொருந்தும்.

அடுத்தது மறுவேலை. இதைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. மூன்று வாரம் உழைத்து மெருகேற்றிய டிசைனைக் கடைசி ரிவ்யூவில் முதல்முறையாகப் பார்க்கும் பெரியவர் ஒருவர் "நாம் இதைச் செய்யவே வேண்டுமா?" என்று கேட்கிறார். அவர் கேட்பது தவறில்லை, மூன்று வாரம் முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது, அவ்வளவுதான். அவரை முன்னதாக உள்ளே கொண்டுவராதது டீம் நடத்துபவரின் பொறுப்பு.

என் பழக்கம் இது. வேலையின் முதல் ஐந்தில் ஒரு பங்கு நேரம் ஆவதற்குள், முடிவு சொல்லும் நபருக்குக் கோட்டுப்படமாக எதையாவது காட்டிவிட வேண்டும். வண்ணம் இல்லை, எழுத்துரு இல்லை, பெட்டிகளும் அம்புக்குறிகளும் மட்டும். அழகாகக் காட்டினால் அவர் பட்டனின் நிறத்தைப் பற்றிப் பேசுவார், கரடுமுரடாகக் காட்டினால் ஓட்டத்தைப் பற்றிப் பேசுவார். ஒவ்வொரு ரிவ்யூவிலும் முதல் வாக்கியமாக எந்தக் கருத்து வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும்: "இன்று யூசர் எந்த வரிசையில் போகிறார் என்பதை மட்டும் பார்க்கிறோம், வாசகங்கள் இன்னும் எழுதவில்லை." முடிந்ததும் நான்கு வரி எழுதி எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். என்ன முடிவு, யார் எடுத்தது, ஏன், எதை ஒதுக்கினோம். இந்த நான்கு வரியைப் பலர் சோம்பல்பட்டு விட்டுவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து "ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று ஒருவர் கேட்கும்போது, அது இல்லாததால் முழு விவாதமும் மறுபடி நடக்கும்.

யூசர் டெஸ்டிங்குக்கு (டிசைனை நிஜ யூசர்களிடம் கொடுத்துப் பார்ப்பதற்கு) நேரமில்லை என்று சின்ன டீம்கள் சொல்வதை நிறையக் கேட்டிருக்கிறேன். என் அனுபவத்தில் அதைத் தள்ளிப்போடும் டீம்கள்தான் மறுவேலையில் அதிகம் சிக்குகின்றன. ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லேண்டவரும் 1993-இல் காட்டிய கணக்கின்படி, ஒரு யூசர் சராசரியாக 31 சதவீதக் குறைகளை வெளிக்கொண்டுவருகிறார். ஐந்து பேர் என்றால் ஏறக்குறைய 85 சதவீதம். பதினைந்து பேரை ஒரே சுற்றில் வைப்பதைவிட, ஐந்து ஐந்தாக மூன்று சுற்று வைத்து நடுவில் திருத்துவது மேல் என்பதுதான் நீல்சன் இதிலிருந்து சொன்ன யோசனை. இதை எந்த இடத்திலும் பொருந்தும் விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 31 என்பது சராசரிதான், ப்ராடக்டுக்கு ப்ராடக்ட் மாறும். வாங்குபவர், விற்பவர் என்று முற்றிலும் வேறுபட்ட இரு தரப்பு இருந்தால் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். "எத்தனை சதவீதம் பேருக்கு இது பிடிக்கிறது" என்ற கேள்விக்கு ஐந்து பேரை வைத்துப் பதில் சொல்லவே முடியாது. ஆனால் மக்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்க்க ஐந்து பேரும் ஒரு மதியமும் போதும். அந்த அமர்வுக்கு டெவலப்பரையும் மேனேஜரையும் கூட்டி வந்து உட்கார வைத்துவிட்டால் ரிப்போர்ட் எழுதும் வேலையும் பெருமளவு குறையும். கண்ணால் பார்த்தவருக்கு அறிக்கை எதற்கு?

டிசைன் சிஸ்டம் (பொதுவான காம்பொனென்ட்டுகளும் அவற்றுக்கான விதிகளும் அடங்கிய தொகுப்பு) பற்றிக் கேட்காமல் இருக்கமாட்டீர்கள். நான்கு பேர் சேர்ந்து சொந்தமாக ஒரு முழு சிஸ்டம் கட்டுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அதுவே ஒரு தனி ப்ராடக்ட், அதைப் பராமரிக்கவே ஒருவர் முழுநேரம் போய்விடுவார். கூகுள் 2014-இல் அறிமுகப்படுத்திய மெட்டீரியல் டிசைன் இருக்கிறது. பிரிட்டன் அரசின் கவ்.யூகே டிசைன் சிஸ்டம் 2018 முதல் இருக்கிறது. கோட் திறந்தே கிடக்கிறது, கீபோர்டால் இயக்குவது, ஸ்க்ரீன் ரீடர் வாசிப்பது போன்றவை ஏற்கெனவே யோசிக்கப்பட்டிருக்கின்றன. (கவ்.யூகேயின் எழுத்துருவையும் கிரீடச் சின்னத்தையும் மட்டும் வெளியார் எடுத்துக்கொள்ள முடியாது.) இந்த மாதிரி ஒன்றின் மேல் உங்கள் நிறம், எழுத்து, இடைவெளி ஆகியவற்றைப் போர்த்துங்கள். அதில் இல்லாத காம்பொனென்ட் மூன்றாவது முறை தேவைப்படும்போது மட்டும் புதிதாகச் சேருங்கள். முதல் முறை அது பொதுவானதா என்றே தெரியாது. இரண்டாவது முறை தற்செயலாக இருக்கலாம்.

டிசைன் சிஸ்டத்தின் பெரிய பயன், ஒருமுறை எடுத்த முடிவை மறுபடி எடுக்க வேண்டியதில்லை என்பதுதான். ஒரு உதாரணம்: சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே கான்ட்ராஸ்ட் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 இருக்க வேண்டும் என்கிறது, இணையப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்த வழிசெய்யும் டபிள்யூசிஏஜி வழிகாட்டி. உங்கள் நிறத் தட்டிலேயே எந்த நிறம் எதன்மேல் வரலாம் என்று ஒருமுறை சோதித்துப் பூட்டிவிட்டால், அதற்குப் பிறகு எந்த ஸ்க்ரீனிலும் இந்தப் பேச்சு எழாது. காலியான நிலை, பிழை, லோடாகும் நேரம், மிக நீளமான பெயர், நெட் இல்லாத நிலை என்று ஒவ்வொரு ஸ்க்ரீனிலும் பார்க்க வேண்டியவற்றையும் ஒரு சின்னப் பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள். டெவலப்பர் பாதி வழியில் வந்து கேட்கும் கேள்விகளில் பெரும்பகுதி இவற்றைப் பற்றித்தான்.

டெவலப்பர்களைப் பற்றி இன்னொன்று. ஹேண்டாஃப் என்று ஒரு நாள் வைத்து ஃபைலைத் தூக்கிக் கொடுக்கும் முறையை விட்டுவிடுங்கள். கோட்டுப்பட நிலையிலேயே டெவலப்பர் பக்கத்தில் இருந்தால், "இந்த டேட்டா நம்மிடம் இல்லவே இல்லை" என்பது முதல் நாளே தெரிந்துவிடும். அளவுக் குறிப்புகளை வரிவரியாக எழுதும் வேலையும் பாதியாகும்.

ஏஐ கருவிகள் பற்றிச் சுருக்கமாக. மாதிரி வாசகங்கள், நேர்காணல் குறிப்புகளின் முதல் சுருக்கம், ஒரு யோசனையை ஓட்டிப் பார்க்க ஒரு ப்ரோட்டோடைப் என்று இவற்றுக்கு நன்றாகவே உதவுகின்றன, பயன்படுத்துங்கள். ஆனால் மூன்று மாதிரிக்குப் பதில் முப்பது மாதிரி கையில் இருந்தால் தேர்ந்தெடுக்கும் வேலை பத்து மடங்காகும். உங்கள் நெருக்கடி முடிவெடுப்பதில் இருக்கும்வரை, வரைவதன் வேகம் கூடினால் குவியல்தான் பெரிதாகும். பலகையைச் சரிசெய்த பிறகு கருவியைக் கொண்டுவாருங்கள்.

இப்போது ஆட்கள். நான்கு பேரில் ஒருவர் போனால் கால்பங்கு டீம் போகிறது, அவரோடு ஒரு ப்ராடக்டின் முழு வரலாறும் போகிறது. அதனால் ஒவ்வொரு ப்ராடக்டையும் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கும்படி பாருங்கள். ஒருவர் முதன்மை, இன்னொருவர் வாரம் ஒருமுறை கூட உட்கார்ந்து விமர்சிப்பவர். அப்படியானால் ஒருவர் நிம்மதியாக லீவு எடுக்கலாம். இளையவர் ஒருவர் இருந்தால் மிச்சம் மீதி வேலைகளையே அவர் தலையில் கட்டாதீர்கள். சிறிதாக இருந்தாலும் தொடக்கம் முதல் முடிவு வரை அவருடையது என்று சொல்லக்கூடிய ஒரு வேலையைக் கொடுங்கள். ஆள் எடுக்க முடியாத வருடத்தில் டீமின் பலத்தைக் கூட்ட இருக்கும் மிகச் சில வழிகளில், இருப்பவர் வளர்வது ஒன்று. ஓவர்டைம் அந்தப் பட்டியலில் இல்லை. ஒரு வெளியீட்டுக்கு ஒரு வாரம் இரவு உட்காருவது வேறு, மூன்று மாதம் அதுவே வழக்கமாவது வேறு. இரண்டாவதில் முதலில் கெடுவது எது சரி என்று சீர்தூக்கிப் பார்க்கும் திறன், டிசைனரிடமிருந்து நீங்கள் வாங்குவதே அதைத்தான்.

இவ்வளவும் செய்த பின்னும் போதாமல் போகலாம். குறைவான ஆட்களால் எல்லாமே முடிந்துவிடும் என்று நான் சொன்னால் அது பொய். அந்த நேரத்தில் உங்களுக்குக் கைகொடுப்பது அதே பலகைதான். இந்தக் காலாண்டில் எவற்றைத் தள்ளினோம், எவற்றை மறுத்தோம், அதனால் எந்த ப்ராடக்டில் என்ன நடக்கவில்லை என்று மேனேஜர்கள் கண்முன்னே பதிவாகியிருக்கும். "நாங்கள் ரொம்ப பிசி" என்று சொல்வதைவிட இது பல மடங்கு கனமான வாதம். அந்தப் பட்டியலை ஊன்றிப் பார்த்தால் தேவைப்படுவது ஐந்தாவது டிசைனர்தானா என்பதும் தெரியும். வாசகங்கள் எழுதும் ஒருவரோ, யூசர்களைத் தேடிப் பிடித்து அமர்வுகளை ஏற்பாடு செய்யும் ஒருவரோ வந்தால் நான்கு பேருக்கும் தலா அரை நாள் மிச்சமாகலாம்.

அனுமதி கிடைத்தால் நெருக்கடியின் நடுவில் ஆளைக் கொண்டுவராதீர்கள். தாமதமாகிவிட்ட மென்பொருள் திட்டத்தில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று எழுதியவரும் அதே ப்ரூக்ஸ்தான். புதியவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியவர் ஏற்கெனவே மூச்சுத் திணறிக்கொண்டிருப்பவர் என்பது அதற்கு ஒரு காரணம். ஒரு பெரிய வெளியீடு முடிந்து, அடுத்தது ஆரம்பிக்கும் முன் இருக்கும் இடைவெளியில் வரச் சொல்லுங்கள். அவர் கையில் முதலில் கொடுக்க வேண்டியது எந்த ப்ராடக்ட், யார் அவருக்குத் துணை என்பதையும் அவர் வரும் முன்பே பலகையில் எழுதிவையுங்கள்.